ஹென்றி மறந்ததும் மறக்காததும்

கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை ஒரே கேள்விக்குக் கொடுத்தவர். கற்றுக்கொண்ட ஒன்று மூளையில் எந்த இடத்தில் பதிகிறது என்பதுதான் அந்தக் கேள்வி. எலிகளைச் சிக்கலான பாதைகளில் ஓடவிட்டு வழி பழக்குவார். பிறகு மூளையின் மேற்பரப்பில் ஒரு பகுதியை அகற்றிவிட்டு மறுபடி ஓடவிடுவார். எந்த இடத்தில் வெட்டினாலும் எலி வழியை அடியோடு மறக்கவில்லை. வெட்டிய அளவு கூடக்கூடத் தடுமாற்றம் கூடியது. எங்கே வெட்டினார் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை. தேடிய தடம் கிடைக்கவில்லை என்று 1950இல் ஒரு கட்டுரையில் அவரே வெளிப்படையாக எழுதினார். நினைவுக்கென்று மூளையில் தனி இடம் கிடையாது, அது எங்கும் பரவிக் கிடக்கிறது என்று அன்றைய அறிஞர்கள் பலரும் நம்பியதற்கு இந்தத் தோல்வியும் ஒரு காரணம்.

மூன்றே ஆண்டுகளில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அதற்குக் காரணமானவர் ஆய்வாளர் அல்லர். கனெக்டிகட் மாநிலத்தில் தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இருபத்தேழு வயது இளைஞர், ஹென்றி மொலேசன்.

ஹென்றிக்குப் பத்து வயதில் வலிப்பு தொடங்கியது. முதலில் சில நொடிகள் நினைவு தப்பிப் போகும் சிறு வலிப்பு. பதினைந்தாவது பிறந்தநாளன்று பெற்றோருடன் காரில் போகும்போது உடல் முழுதும் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு முதன்முறையாக வந்தது. அதன் பிறகு அது விடவில்லை. இருபதுகளின் நடுவில், நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்துச் சிறு வலிப்பு, வாரத்துக்கு ஒரு பெரிய வலிப்பு. அன்று கைவசம் இருந்த மருந்துகளை உச்ச அளவில் கொடுத்தும் பலனில்லை. வேலைக்குப் போக முடியாத நிலை வந்தபோது, ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையின் நரம்பியல் அறுவை நிபுணர் வில்லியம் ஸ்கோவில் ஒரு வழி சொன்னார். 1953 ஆகஸ்ட் 25 அன்று, ஹென்றியின் புருவங்களுக்கு மேலே மண்டையோட்டில் இரண்டு துளைகள் இட்டு, மூளையின் முன்பகுதியை மெல்லத் தூக்கி, அதன் அடியில் இருபுறமும் உட்புறமாக உள்ள திசுவை உறிஞ்சி எடுத்தார். அப்படி எடுக்கப்பட்டவற்றில் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியும், அதை ஒட்டிய அமிக்டலாவும், இவற்றுக்குத் தகவல் கொண்டுவரும் சுற்றுப்புறப் புறணியும் (புறணி என்பது மூளையின் மேலடுக்கு) அடக்கம். ஹிப்போகேம்பஸ் என்பது காதுக்கு நேர் உள்ளே, வலம் இடம் இரண்டு பக்கமும் கிடக்கிற, விரலளவு நீளமுள்ள வளைந்த உறுப்பு. அன்று அதன் வேலை என்னவென்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. அதோடு வேறொன்றும் போய்விட்டது. மருத்துவமனையில் தன்னைப் பார்த்துக்கொண்ட செவிலியர் எவரையும் ஹென்றியால் அடையாளம் காண முடியவில்லை. பல ஆண்டுகளாகப் பழகிய ஸ்கோவிலை மட்டும் தெரிந்தது. கழிவறைக்குப் போகும் வழியை எத்தனை முறை காட்டினாலும் தெரிந்துகொள்ள முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு புல் வெட்டும் இயந்திரத்தை நன்றாகவே ஓட்டினார். ஆனால் முந்தைய நாள்தான் பயன்படுத்திய அந்த இயந்திரம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அம்மா சொல்ல வேண்டியிருந்தது. ஒரே பத்திரிகையை மறுபடி மறுபடி புதிதாக வாசித்தார். மதிய உணவு முடிந்த அரை மணி நேரத்தில், என்ன சாப்பிட்டோம் என்று ஒரு பண்டத்தைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

அதே காலத்தில் கனடாவின் மான்ட்ரியால் நகரில், வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை நிபுணருக்கும் பிரெண்டா மில்னர் என்ற இளம் உளவியலாளருக்கும் ஒரு புதிர் எழுந்திருந்தது. வலிப்புக்காக மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் இதேபோல் அறுவை செய்துகொண்ட இரண்டு பேருக்கு எதிர்பாராமல் நினைவு கெட்டிருந்தது. மறுபக்க ஹிப்போகேம்பஸ் ஏற்கெனவே பழுதாகியிருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். (அவர்களில் ஒருவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோது அந்த ஊகம் உறுதியானது.) இதன் சுருக்கத்தைப் படித்த ஸ்கோவில், என்னிடமும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று பென்ஃபீல்டுக்குத் தொலைபேசினார். மில்னர் மான்ட்ரியாலிலிருந்து ரயிலேறி ஹார்ட்ஃபோர்ட் வந்தார்.

1955 ஏப்ரலில் மில்னர் ஹென்றியைப் பரிசோதித்த நாள், நரம்பறிவியலில் ஒரு எல்லைக்கோடு என்றே நான் கருதுகிறேன். இன்று என்ன தேதி என்று கேட்டபோது, 1953 மார்ச் என்றார் ஹென்றி. வயது இருபத்தேழு என்றார். அறைக்குள் வருவதற்குச் சற்று முன்புதான் வேறொரு மருத்துவரோடு பேசியிருந்தார். அப்படி ஒருவரோடு பேசியதே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அறிவுத்திறன் சோதனையில் 112 மதிப்பெண் எடுத்தார். அறுவைக்கு முன் அவர் எடுத்தது 104. பேச்சில் குழப்பம் இல்லை, மரியாதையில் குறைவில்லை, நகைச்சுவையும் புரிந்தது. குறுக்கெழுத்துப் புதிர் போடுவது அவருக்குக் கடைசிவரை பிடித்த பொழுதுபோக்கு. கூர்மையான அறிவும் படுமோசமான மறதியும் ஒரே மனிதரிடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நினைவு என்பது பொதுவான அறிவாற்றலின் ஒரு பகுதி, அறிவு கெட்டால்தான் நினைவும் கெடும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இந்த ஒருவரே பதிலாக அமைந்தார்.

ஒருமுறை ஹென்றியிடம் 584 என்ற எண்ணைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மில்னர் அறையை விட்டுப் போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கேட்டார். ஹென்றி தயங்காமல் 584 என்றார். எப்படி முடிந்தது என்றதும் விளக்கினார்: எட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தும் எட்டும் நான்கும் சேர்ந்தால் பதினேழு. அதிலிருந்து எட்டைக் கழித்தால் ஒன்பது. ஒன்பதைப் பாதியாகப் பிரித்தால் ஐந்தும் நான்கும். அவ்வளவுதான், 584. தனியாக இருந்த அந்தக் கால் மணி நேரமும் இந்தக் கணக்கையே மனத்துக்குள் விடாமல் சுழற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நிமிடம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அதன் பிறகு எண் போய்விட்டது. எண் ஒன்றைச் சொன்னார்கள் என்பதே போய்விட்டது.

இந்தச் சிறு சம்பவத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கவனம் அகலாத வரை ஹென்றியால் ஒரு தகவலைப் பிடித்து வைத்திருக்க முடிகிறது. அதை வைத்துக் கணக்குப் போடவும் முடிகிறது. கவனம் நகர்ந்ததும் அது எங்கும் போய்ச் சேர்வதில்லை. அப்படியானால் இந்த நொடியில் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் குறுகிய கால நினைவும், நாளைக்கும் அடுத்த ஆண்டுக்கும் நிலைக்கும் நீண்ட கால நினைவும் வேறு வேறு ஏற்பாடுகள். முதலாவதற்கு ஹிப்போகேம்பஸ் தேவைப்படவில்லை. இரண்டாவதற்கு அது இல்லாமல் முடியவில்லை.

இங்கே கவனமான வாசகர் ஒரு மறுப்புச் சொல்லலாம். நீண்ட கால நினைவு வெறுமே கடினமான வேலையாக இருக்கலாம்; மூளை அடிபட்டால் கடினமான வேலை முதலில் கெடும், சுலபமானது தப்பும், அதற்காக இரண்டும் வேறு என்று சொல்லலாமா? நல்ல மறுப்பு. இதைத் தாண்ட ஒரே வழிதான் உண்டு. எதிர்த்திசையில் கெட்ட ஒருவரைக் காட்ட வேண்டும். 1970ஐ ஒட்டி லண்டனில் எலிசபெத் வாரிங்டனும் டிம் ஷாலிஸும் அப்படி ஒருவரை விவரித்தார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டவர். சாதாரணமாக நாம் ஏழு எண்கள் வரை கேட்டதும் திருப்பிச் சொல்லிவிடுவோம். இவரால் இரண்டு எண்களுக்கு மேல் முடியவில்லை. ஆனால் புதிய சொற்பட்டியலைக் கற்பதிலும் நாள்கள் கழித்து நினைவுகூர்வதிலும் பிறருக்குச் சளைத்தவர் இல்லை. ஹென்றிக்கு இருந்தது இவரிடம் இல்லை. ஹென்றியிடம் இல்லாதது இவருக்கு இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் மறுப்புக்கு இடமில்லை. இதற்கு இரட்டைப் பிரிவு என்று பெயர். மனத்தின் உறுப்புகளைப் பிரித்தறிய இந்தத் துறைக்குக் கிடைத்த கருவிகளில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் அறியேன்.

ஹென்றியிடம் மில்னர் செய்த இன்னொரு சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை வரைந்து, அதற்குள்ளேயே சற்றுச் சிறியதாக இன்னொன்றை வரையுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையில் உள்ள சந்து வழியே பென்சிலை ஓட்டிச் சுற்றி வர வேண்டும். நிபந்தனை ஒன்று: கையும் தாளும் நேரடியாகக் கண்ணில் படக் கூடாது. ஓர் அட்டையால் மறைத்துவிட்டு, எதிரே நிறுத்திய கண்ணாடியில் பார்த்தே வரைய வேண்டும். மேலே போக நினைத்தால் பென்சில் கீழே இறங்கும். முனைகளில் திரும்பும் இடத்தில் கை அப்படியே திகைத்து நின்றுவிடும். பத்து முறை செய்தால் கொஞ்சம் பழகும். மறுநாள் மறுபடி உட்கார்ந்தால் முதல் நாளைவிட நன்றாகவே வரும்.

ஹென்றி மூன்று நாள்களில் முப்பது முறை வரைந்தார். முதல் முயற்சிகளில் பிழைகள் குவிந்தன. பிறகு படிப்படியாகக் குறைந்தன. இரண்டாம் நாள், முதல் நாள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். மூன்றாம் நாள் கிட்டத்தட்டப் பிழையே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தச் சோதனை அவருக்குப் புத்தம் புதியது. கண்ணாடியை இதற்கு முன் பார்த்ததாகவோ நட்சத்திரம் வரைந்ததாகவோ ஒரு துளி நினைவும் இல்லை. கடைசி நாளில் அழகாக வரைந்து முடித்துவிட்டு, கடினமாக இருக்கும் என்று நினைத்தேன், பரவாயில்லையே என்று அவரே வியந்தார். அவரது கை கற்றுக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

1962இல் வெளிவந்த இந்த முடிவைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. ‘தெரியும்’ என்று நாம் சொல்லும் விஷயங்கள் மூளையில் குறைந்தது இரண்டு வழிகளில் பதிகின்றன என்பதை ஒரு பென்சிலும் கண்ணாடியும் காட்டிவிட்டன. நேற்று யார் வீட்டுக்கு வந்தார், ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது என்பன போன்றவை சொல்ல முடிகிற நினைவு. நீந்துவது, தையல் இயந்திரத்தை மிதிப்பது, புள்ளிக் கோலத்தின் சுழிப்பைக் கை தானாகவே இழுத்துவிடுவது ஆகியவை செய்ய முடிகிற நினைவு. இரண்டாவது வகையைத் தாங்குபவை மூளையின் அடியாழத்தில் உள்ள பேசல் கேங்லியாவும் பின்பக்கம் உள்ள சிறுமூளையும். ஹென்றிக்கு அறுவை நடந்தது அங்கே இல்லை. பார்க்கின்சன் நோயில் பழுதாவது பேசல் கேங்லியா. அந்த நோயாளிகளுக்குச் சோதனை நடந்த விவரங்கள் எல்லாம் நினைவிருந்தும், பழக்கத்தால் மட்டுமே பிடிபடும் திறனில் அவர்கள் பின்தங்கியதை 1996இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. இங்கும் இரட்டைப் பிரிவு.

சரி, நினைவின் இடம் ஹிப்போகேம்பஸ்தான் என்று இப்போது முடிவு கட்டிவிடலாமா? கூடாது. வீட்டில் பியூஸ் போனால் விளக்கு அணைகிறது. வெளிச்சம் பியூஸுக்குள் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஓர் உறுப்பு போனதும் ஒரு திறன் போனால், அந்தத் திறனுக்கு அந்த உறுப்பு தேவை என்பது வரைதான் நிச்சயம். மூளைப் படங்களில் ஒரு பகுதி பளிச்சிட்டதும் இதோ அன்பின் இடம், இதோ பக்தியின் இடம் என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கையை மறக்க வேண்டாம்.

ஹென்றிக்குச் சிறு வயது வீடும் பள்ளியும் பெற்றோரும் நன்றாக நினைவிருந்தன. ஹிப்போகேம்பஸ் இல்லாமலே அவை மிஞ்சின என்றால் அவை வேறெங்கோ, பெருமூளைப் புறணியில் பரவலாகத் தங்கியிருக்க வேண்டும். புதிய அனுபவத்தைப் பதித்து, அதன் சிதறிய கூறுகளைக் கோத்து, நாளடைவில் நிலைப்படுத்தும் வேலைதான் ஹிப்போகேம்பஸுடையது. லாஷ்லி சொன்ன ‘பரவல்’ முழுக்கப் பிழையில்லை. பரவிக் கிடப்பதைக் கோக்கும் இடம் ஒன்று இருக்கிறது என்பதுதான் அவர் கையில் சிக்காமல் போனது. 1973இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ ஆகிய இருவர், முயலின் ஹிப்போகேம்பஸில் நரம்பிழைகளை விரைவான மின் துடிப்புகளால் தூண்டினால் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு மணிக்கணக்கில் வலுப்பெற்று நிற்பதைக் காட்டினார்கள். பதிவு எப்படி நடக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான தடயம் அது.

பழைய நினைவுகளிலும் பின்னாளில் ஒரு விரிசல் தெரிந்தது. மில்னருக்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஹென்றியோடு பழகிய சூசன் கார்கின், உங்கள் அம்மாவைப் பற்றி உங்களுக்குப் பிடித்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள் என்று கேட்பார். அவர் என் அம்மா என்பது போலத்தான் பதில் வரும். ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த ஒரு காட்சி வராது. தகவல் இருந்தது, காட்சி இல்லை. எண்டெல் டல்விங் 1972இலேயே பொது அறிவாக நிற்கும் நினைவையும் நாமே வாழ்ந்த கணமாகத் திரும்பி வரும் நினைவையும் பிரித்துப் பேசியிருந்தார். ஹென்றியிடம் இரண்டாவது ஏறக்குறைய முழுதும் வறண்டிருந்தது. பதின்மூன்று வயதில் ஒரு சிறு விமானத்தில் அரை மணி நேரம் பறந்ததையும் விமானி தன்னிடமே சற்று நேரம் ஓட்டக் கொடுத்ததையும் மட்டும் அவ்வளவு துல்லியமாக, அவ்வளவு மகிழ்ச்சியாகச் சொல்வார்.

நேர்மாறான ஆச்சரியமும் உண்டு. அறுவைக்குப் பிறகு குடிபோன ஒரு வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தார் ஹென்றி. அந்த வீட்டின் அறைகள் எது எதை ஒட்டியது என்று சரியாகப் படம் போட்டுக் காட்டினார். 1997இல் வெளியான அவரது மூளைப் படங்கள், ஸ்கோவில் எண்ணியதைவிடக் குறைவான திசுவே அகற்றப்பட்டிருந்ததைக் காட்டின. ஹிப்போகேம்பஸின் பின்பகுதி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அந்த மிச்சமா, அக்கம்பக்கத்துப் புறணியா, ஆயிரக்கணக்கான நாள்கள் திரும்பத் திரும்ப நடந்த நடையா, எது அந்த வரைபடத்தைப் பதித்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

ஹென்றி 2008 டிசம்பர் 2 அன்று எண்பத்திரண்டு வயதில் இறந்தார். அதுவரை உலகம் அவரை ‘எச்.எம்.’ என்ற இரண்டு எழுத்துகளாக மட்டுமே அறிந்திருந்தது. ஓராண்டு கழித்து சான் டியாகோவில் அவரது மூளை உறைநிலையில் 2401 மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாதுகாக்கப்பட்டது. 53 மணி நேரம் நடந்த அந்தப் பணியை உலகெங்கும் இணையத்தில் மக்கள் நேரலையில் பார்த்தார்கள்.

இவ்வளவு அறிவைத் தந்த அறுவையை நியாயப்படுத்த முடியுமா? முடியாது என்பதே என் எண்ணம். வலிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்கு ஹென்றியின் மூளை மின் பதிவில் எந்த அடையாளமும் இல்லை. இருந்தும் இருபுறமும் அகற்றினார்கள். இது வெளிப்படையான பரிசோதனை என்று, இந்த அறுவையைப் பற்றி 1957இல் வெளிவந்த கட்டுரையில் ஸ்கோவிலே ஒப்புக்கொண்டார். அந்தக் கட்டுரையை மற்ற அறுவை நிபுணர்களுக்கு ஓர் எச்சரிக்கையாகவும் முன்வைத்தார். அந்த எச்சரிக்கை பயன்பட்டது. இன்று மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு, வலிப்பு புறப்படும் இடத்தை முதலில் உறுதி செய்து, நினைவைச் சோதித்து, ஒரு பக்கத்தில் மட்டுமே அறுவை செய்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உட்பட நம் நாட்டு மையங்களில் இப்படிக் குணமானவர்கள் ஏராளம். அந்தப் பாதுகாப்புக்கு ஹென்றி கொடுத்த விலையை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. இது ஹென்றியைப் பற்றியது மட்டும் இல்லை, நம் வீடுகளைப் பற்றியதும்கூட. 1911இல் எதுவார் கிளாபரேட் என்ற ஜெனீவா மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். புதிய நினைவு எதுவும் தங்காத நோயாளி அவர். ஒரு நாள் மருத்துவர் விரலிடுக்கில் ஊசியை மறைத்துக்கொண்டு கைகுலுக்கினார். பிறகு மீண்டும் கையை நீட்டியபோது அந்தப் பெண் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. நிகழ்ச்சி அழிந்திருந்தது, அது தந்த அச்சம் நின்றிருந்தது. 2010இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், ஹிப்போகேம்பஸ் பழுதான ஐந்து பேருக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். சில நிமிடங்களில் படம் மறந்துபோனது, சோகம் போகவில்லை. 2014இல் அல்சைமர் நோயாளிகளிடமும் இதே முடிவு கிடைத்தது.

அல்சைமர் நோய் பெரும்பாலோருக்கு முதலில் தாக்குவது ஹிப்போகேம்பஸையும் அதை ஒட்டிய புறணியையும்தான். அதனால்தான் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய திருமணத்தைச் சொல்லும் பாட்டிக்குக் காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில்லை. ‘இப்பதானே சொன்னேன்’ என்று நாம் எரிந்து விழுகிறோம். நாம் சொன்னது அவர் மூளையில் பதியவே இல்லை. எரிந்து விழுந்ததன் வலி மட்டும், காரணம் தெரியாமல், அவரிடம் தங்குகிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் இப்படி மறக்கத் தொடங்கினால் வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நோய் அல்சைமர்தான் என்று தெரிந்துவிட்டால், அவர் பத்தாவது முறை கேட்கும் கேள்விக்கும் முதல் முறை கேட்டதுபோலவே பதில் சொல்லுங்கள். அவருக்கு அது முதல் முறைதான்.